பெல்ட் ஃபேனைக் கழற்றுவதற்கு முன்

லாரியின் ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் விசிறிக்குச் சொந்தமாக ஒரு வேகம் கிடையாது. கிராங்க் புல்லியிலிருந்து வரும் பெல்ட் வாட்டர் பம்பைச் சுற்றுகிறது. பம்பின் தலையில் விசிறி இருக்கிறது. எஞ்சின் மெதுவாக ஓடினால் விசிறியும் மெதுவாகச் சுற்றும், எஞ்சின் வேகமெடுத்தால் அதுவும் வேகமெடுக்கும். பாரம் இழுத்துச் சூடான வண்டி களியக்காவிளைச் சோதனைச்சாவடிக்கு முன்னால் வரிசையில் நிற்கும்போது முன்னாலிருந்து காற்று வராது, விசிறிதான் இழுத்தாக வேண்டும். அந்த நேரம் பார்த்து எஞ்சின் ஐடிலிங்கில் இருக்கிறது, விசிறி மிக மெதுவாகச் சுற்றுகிறது. அதே வண்டி காவல்கிணறு தாண்டி நாலுவழிச் சாலையில் 60 கிலோமீட்டர் வேகம் பிடித்துவிட்டால் எதிர்க்காற்றே ரேடியேட்டருக்குப் போதும். அப்போது விசிறி முழு வேகத்தில் சுற்றி டீசலைத் தின்கிறது.

எவ்வளவு தின்கிறது என்பதற்கு ஒரு எளிய விதி உண்டு. விசிறியின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் காற்று இரண்டு மடங்காகும். அதைச் சுற்றத் தேவையான சக்தியோ எட்டு மடங்காகும். 1,500 சுற்றில் ஒரு குதிரைத்திறன் எடுக்கும் விசிறி 3,000 சுற்றில் எட்டுக் குதிரைத்திறன் எடுக்கும். பெரிய லாரிகளின் விசிறி முழு வேகத்தில் 20 குதிரைத்திறனுக்கு மேல் இழுப்பது சாதாரணம். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்க லாரிகளில் கிளட்ச் வைத்த விசிறிகள் பரவியதற்கு இதுவே காரணம். தேவைப்படும்போது மட்டும் விசிறி எஞ்சினோடு சேரும், மற்ற நேரம் சும்மா சுழலும். நம் ஊரில் 1983-இல் வந்த மாருதி 800 காரில் எஞ்சின் குறுக்காக இருந்ததால் பெல்ட்டால் ரேடியேட்டர் விசிறியைச் சுற்ற வழியில்லை. அதனால் மின்விசிறி வைத்தார்கள். பட்டறைக்காரர்களுக்கு மின்விசிறி பழகியது அந்தக் காலத்திலிருந்துதான். காரில் இருப்பதை டெம்போவிலும் வைத்தால் என்ன என்ற யோசனையும் அப்படித்தான் பிறந்தது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டாடா 407 வகைப் பழைய டெம்போ, கடலோரத்திலும் ஊருக்குள்ளும் மிதமான பாரத்தோடு ஓடுவதாக இருந்தால் மின்விசிறிக்கு மாறலாம். ஒழுங்காகச் செய்தால் பலன் உண்டு. கல்லும் மணலும் ஏற்றும் டிப்பருக்கும் டாரஸ் லாரிக்கும் மின்விசிறி வேண்டாம். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 வண்டியில் விசிறியைத் தொடவே வேண்டாம். காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சாலைதான் தீர்மானிக்கிறது

குமரி மாவட்டத்தில் சரக்கு வண்டிக்கு மூன்று விதமான ஓட்டம் இருக்கிறது. சின்னமுட்டம், முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் துறைமுகங்களிலிருந்து மீன் ஏற்றிக்கொண்டு இரவிலும் விடியலிலும் ஓடும் வண்டிகள் ஒரு வகை. வடசேரிச் சந்தைக்கு வாழைத்தாரும் மரச்சீனியும் கொண்டுவரும் வண்டிகளையும், தோவாளையிலிருந்து பூ ஏற்றும் வண்டிகளையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். இவற்றின் பாரம் மிதமானது, சாலை பெரும்பாலும் சமதளம். சிக்கல் எல்லாம் நெரிசலில்தான்: தக்கலை, மார்த்தாண்டம், குழித்துறை என்று ஊர் ஊராக ஊர்ந்து போக வேண்டும். மார்த்தாண்டம் மேம்பாலம் வந்தபிறகு மேலே போகிறவர்களுக்கு வழி கிடைத்தது. சந்தைக்குள் இறங்க வேண்டிய வண்டிக்குப் பழைய பாடுதான். நின்று நின்று போகும் இந்த ஓட்டத்தில் பெல்ட் ஃபேன் மிகப் பலவீனமாக இருக்கிறது, மின்விசிறி மிகப் பலமாக இருக்கிறது. ஐடிலிங்கில் எஞ்சின் தண்ணீருக்குள் கொட்டும் வெப்பம் குறைவு. சிறிய மின்விசிறிகூட அதை எளிதாக வெளியேற்றிவிடும். நெரிசலில் நிற்கும்போது விசிறி சுற்றட்டும் என்று டிரைவர் ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டே இருக்கும் பழக்கமும் போய்விடும்.

இரண்டாவது வகை மலையோரம். குலசேகரம் தாண்டிப் பேச்சிப்பாறை, கோதையாறு பக்கமோ, கீரிப்பாறை ரப்பர் தோட்டங்களுக்கோ ஏறும் வண்டி இரண்டாவது கியரில் 15 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் கதறக் கதற ஏறுகிறது. எதிர்க்காற்று கிட்டத்தட்ட இல்லை, வெப்பமோ உச்சத்தில் இருக்கிறது. எஞ்சின் வேகமாகச் சுற்றுவதால் பெல்ட் ஃபேன் அங்கே தன் முழுப் பலத்தையும் காட்டும். மின்விசிறியால் அந்த அளவுக்குக் காற்றிழுக்க முடிகிறதா என்பதைக் கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

அந்தக் கணக்கைப் போடுவோம். 75 குதிரைத்திறன் எஞ்சின் முழுப் பாரத்தில் இழுக்கும்போது சுமார் 40 கிலோவாட் வெப்பத்தைத் தண்ணீருக்குக் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். ரேடியேட்டரைக் கடக்கும் காற்று 30 டிகிரி சூடாகி வெளியேறுமானால், அந்த 40 கிலோவாட்டை எடுத்துப் போக நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,500 கன அடி காற்று தேவை. கடையில் விற்கும் மின்விசிறியின் அட்டையில் இருக்கும் எண், எதிரே தடை எதுவும் இல்லாமல் சுற்றும்போது அளந்தது. ரேடியேட்டரின் நெருக்கமான மடிப்புகளுக்குள் இழுக்கும்போது அது நன்றாகக் குறையும். அதில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டுக் கணக்கிடுவது என் வழக்கம். அப்படியானால் அட்டையில் இரண்டு விசிறிக்கும் சேர்த்து 3,800 கன அடிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். டெம்போவுக்கு இது எட்டக்கூடிய இலக்கு. 200 குதிரைத்திறன் டாரஸுக்கு இதே கணக்கைப் போட்டால் விசிறி வாங்குவதோடு முடியாது; அதற்கு மின்சாரம் கொடுக்கும் ஆல்டர்னேட்டரையும் வேறு அளவில் வைக்க வேண்டியிருக்கும். அமெரிக்க நகரப் பேருந்துகளில் பின்பக்க எஞ்சினுக்கு வரிசையாகப் பல மின்விசிறிகள் வைக்கிறார்கள் என்றால், அதற்கு ஏற்ற பெரிய ஆல்டர்னேட்டரோடும் கட்டுப்பாட்டுக் கருவியோடும் அந்த அமைப்பு முழுமையாக வடிவமைக்கப்பட்டது. மூன்றாவது வகையான டிப்பர், டாரஸ் லாரிகளுக்கு நான் மின்விசிறி வேண்டாம் என்று சொல்வது இதனால்தான். விழிஞ்ஞம் துறைமுகப் பணி 2015-இல் தொடங்கியதிலிருந்து நம் சாலைகளில் கல்லேற்றி ஓடும் பெரிய வண்டிகள் எத்தனை என்று எல்லாருக்கும் தெரியும். அவற்றின் முதலாளிகள் டீசல் மிச்சம் பிடிக்க விரும்பினால் விஸ்கஸ் கிளட்ச் விசிறியை நாட வேண்டும். அதற்குள் இருக்கும் சிலிக்கோன் திரவமும் முன்னால் இருக்கும் சுருள் பட்டையும் ரேடியேட்டரிலிருந்து வரும் காற்றின் சூட்டைப் பார்த்து விசிறியைப் பிடிக்கும், விடும். வயர் எதுவும் வேண்டாம். உங்கள் வண்டியில் ஏற்கெனவே விஸ்கஸ் ஃபேன் இருந்து அது தேய்ந்திருந்தால், புது கிளட்ச் போடுவதே சரியான செலவு.

ஆரல்வாய்மொழிக் காற்று

வெளியூர் வழிகாட்டி நூல் எதிலும் இல்லாத ஒரு சங்கதி நம் மாவட்டத்துக்கு உண்டு. ஆனி தொடங்கி ஆவணி வரை தென்மேற்குப் பருவக்காற்று மலைகளுக்கு நடுவே இருக்கும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாய்கிறது. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பது அதனால்தான். நாகர்கோவிலிலிருந்து தோவாளை, ஆரல்வாய்மொழி, முப்பந்தல் வழியே காவல்கிணறு போகும் வண்டிக்கு அந்தக் காற்று முதுகுப் பக்கமிருந்து வருகிறது.

வண்டி 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது, காற்று பின்னாலிருந்து 35 கிலோமீட்டர் வேகத்தில் வீசுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரேடியேட்டருக்குக் கிடைக்கும் எதிர்க்காற்று வெறும் 15 கிலோமீட்டர் வேகம்தான். ஸ்பீடாமீட்டரைப் பார்க்கும் டிரைவருக்கு இது தெரியாது. நல்ல வேகத்தில் போகும்போது எஞ்சின் ஏன் சூடாகிறது என்று குழம்பி, பட்டறையில் கொண்டுபோய் விடுவார். திரும்பி வரும்போது அதே காற்று முகத்துக்கு நேராக வீசுவதால் விசிறியே இல்லாவிட்டாலும் வண்டி குளிர்ந்து வரும். ஆகவே மின்விசிறிக்கு மாறுகிறவர்கள், வேகமாகப் போகும்போது விசிறி தேவைப்படாது என்று எண்ணி அதை டேஷ்போர்டு சுவிட்ச்சால் மட்டும் ஓட்டும்படி விட்டுவிடக் கூடாது. சூட்டை அறிந்து தானாக ஓடும் சுவிட்ச் கட்டாயம் வேண்டும். கைச் சுவிட்ச் அதற்குத் துணையாக மட்டும் இருக்கட்டும்.

முதலில் சூட்டுக்குக் காரணம் என்னவென்று பாருங்கள்

மின்விசிறி போட வருகிறவர்களில் பலர் டீசலுக்காக வருவதில்லை, வண்டி சூடாகிறது என்றுதான் வருகிறார்கள். அடைத்துக்கொண்ட ரேடியேட்டரை எந்த விசிறியும் குணப்படுத்தாது. செலவு செய்யும் முன் கீழே சொல்பவற்றைப் பார்த்துவிடுங்கள்.

சூட்டு மீட்டர் வேலை செய்கிறதா? பழைய டெம்போக்களில் பாதிக்கு மேல் அது செத்துக் கிடக்கும். முதல் செலவு அதுதான். அடுத்தது ரேடியேட்டர் மூடி. கடல் மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும், 0.9 பார் அழுத்தம் தாங்கும் மூடி இருந்தால் அதே தண்ணீர் 118 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். ரப்பர் வாசர் தேய்ந்த மூடியால் அந்த 18 டிகிரி பாதுகாப்பு போய்விடுகிறது. சிறிய சாமான் என்று யாரும் மதிப்பதில்லை. சென்னையைச் சேர்ந்த சுந்தரம் ஃபாஸனர்ஸ் 1990-களில் ஜெனரல் மோட்டார்ஸுக்கே ரேடியேட்டர் மூடி செய்து அனுப்பிப் பெயர் வாங்கியது. அந்த அளவுக்குத் துல்லியம் கேட்கும் பொருள் அது. உங்கள் வண்டிக்கு எத்தனை பார் மூடி என்று பார்த்து அதையே வாங்குங்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போது திறக்காதீர்கள்.

பிறகு தெர்மோஸ்டாட். “அண்ணாச்சி, அத எடுத்து வெளிய போட்டிருவோம், வண்டி சூடாவாது” என்று சொல்லும் பட்டறைகள் இன்னும் இருக்கின்றன. எடுத்துவிட்டால் சாதாரண ஓட்டத்தில் எஞ்சின் தேவைக்கு மேல் குளிர்ந்து டீசல் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானமும் கூடும். சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது பைபாஸ் வழியை அடைக்கும். அதை எடுத்துவிட்டால் தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றி, ஏற்றத்தில் வண்டி முன்னைவிடச் சூடாகும். மின்விசிறியை இயக்கும் சுவிட்ச் சரியாக வேலை செய்யவும் தெர்மோஸ்டாட் இருந்தாக வேண்டும்.

ரேடியேட்டரின் வெளிப்பக்கத்தில் பூச்சியும் வைக்கோல் துணுக்கும் சேறும் அடைத்திருந்தால் எஞ்சின் பக்கமிருந்து முன்பக்கமாக மெதுவான தண்ணீரில் கழுவுங்கள். உள்ளே படிந்த அடைப்பைக் கண்டுபிடிக்க, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு வெப்பம் அளக்கும் துப்பாக்கிக் கருவியால் ரேடியேட்டர் முகத்தை இடம் இடமாகப் பாருங்கள். சுற்றிலும் சூடாக இருக்க நடுவில் ஒரு பட்டை மட்டும் குளிர்ந்திருந்தால் அங்கே குழாய்கள் அடைத்திருக்கின்றன. நம் கடலோர ஊர்களில் இதற்குப் பெரிய காரணம் தண்ணீர். கிணற்றிலும் போரிலும் உப்பு. அந்தத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால் ஆவியாகப் போனது போக உப்பும் சுண்ணாம்பும் குழாயில் தங்கும், அலுமினியம் அரிக்கும். கூலன்ட்டும் வடிநீரும் கலந்து ஊற்றுங்கள். வழியில் எமர்ஜென்சிக்கு எந்தத் தண்ணீரை ஊற்றினாலும் வீடு வந்ததும் வடித்துவிட்டு மாற்றுங்கள். ஹெட் கேஸ்கட் போயிருந்தால் ரேடியேட்டரில் குமிழி வரும். அதற்கு விசிறியைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

மின்சாரக் கணக்கு

இந்த மாற்றத்தைச் செய்து கைவிட்டவர்களில் பெரும்பாலோர் தோற்ற இடம் இது. பேட்டரி எத்தனை வோல்ட் என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். 24 வோல்ட் வண்டியில் இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்து விசிறி ஓட்டும் குறுக்குவழி அந்த இரண்டு பேட்டரிகளையும் கெடுக்கும். 24 வோல்ட்டுக்கு 24 வோல்ட் விசிறியே வாங்க வேண்டும்.

12 வோல்ட் டெம்போவில் நாம் தேர்ந்தெடுத்த இரண்டு விசிறிகளும் சேர்ந்து 35 ஆம்பியர் எடுக்கும் என்று வைப்போம். இரவில் மழையில் மார்த்தாண்டத்தில் நிற்கும் மீன் வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஹெட்லைட்டுக்கு 10 ஆம்பியர், மற்ற விளக்குகளுக்கு 4, வைப்பருக்கு 5, விசிறிக்கு 35. மொத்தம் 54. பழைய வண்டியில் இருக்கும் 45 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் முழு வேகத்தில் சுற்றினாலும் இதைக் கொடுக்காது. ஐடிலிங்கில் அது கொடுப்பது அதிலும் மிகக் குறைவு. மீதி முழுவதும் பேட்டரியிலிருந்து போகிறது. அரை மணி நேரம் நின்றால் விளக்கு மங்கும், விசிறி மெதுவாகும், வண்டி சூடாகும். அணைத்தால் திரும்ப ஸ்டார்ட் ஆகாது. ஆகவே மின்விசிறி வாங்கும் பட்டியலில் பெரிய ஆல்டர்னேட்டரையும் சேர்த்தே எழுதுங்கள். 75 ஆம்பியருக்குக் குறைய வேண்டாம். ஐடிலிங்கில் அது எவ்வளவு கொடுக்கும் என்று விற்பவரிடம் கேளுங்கள், பொருத்தியபின் கிளாம்ப் மீட்டர் வைத்து அளந்தும் பாருங்கள். இந்தச் செலவு கட்டுப்படியாகாது என்றால் மாற்றத்தையே கைவிட்டுவிடலாம். ஆல்டர்னேட்டரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விசிறியை மட்டும் போடுவது வேலைக்காகாது.

35 ஆம்பியர் என்பது சுமார் 470 வாட். ஆல்டர்னேட்டரில் வீணாவதையும் சேர்த்தால் எஞ்சின் கொடுக்கும் விலை ஒரு குதிரைத்திறனைச் சற்றுத் தாண்டும். அதுவும் விசிறி ஓடும் நேரத்துக்கு மட்டும். பெல்ட் ஃபேன் எப்போதும் எடுத்துக்கொண்டிருந்ததோடு ஒப்பிட்டால் மிச்சம் இருக்கிறது. உங்கள் வண்டியில் அது எத்தனை லிட்டர் என்பதை ஒரே தடத்தில், ஒரே அளவு பாரத்தில், டேங்க் நிரப்பி டேங்க் நிரப்பி அளந்தால்தான் தெரியும். இத்தனை சதவீதம் மிச்சம் என்று கடைக்காரர் சொல்லும் எண்ணை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

வயரின் தடிமனைக் குறைக்காதீர்கள். பேட்டரியிலிருந்து விசிறி வரை போய்த் திரும்பும் வழி 6 மீட்டர் என்றால், 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் 35 ஆம்பியர் ஓடும்போது ஒன்றரை வோல்ட் வயரிலேயே தொலைந்துவிடும், வயரும் சூடாகும். 10 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் அந்த இழப்பு அரை வோல்ட்டுக்கும் கீழே. பிரதான வயர் 10, ஒவ்வொரு விசிறிக்கும் தனியே 4 என்று போடுங்கள். பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் 60 ஆம்பியர் பிரதான ஃபியூஸ், ஒவ்வொரு விசிறிக்கும் தனித்தனி 30 ஆம்பியர் ஃபியூஸ், தனித்தனி ரிலே. ஒன்று போனால் மற்றது ஓடி உங்களை அடுத்த ஊர் வரை கொண்டுசேர்க்கும். ரிலேயில் 30-ஆம் முனை பேட்டரி பக்கம், 87 விசிறி பக்கம், 85-உம் 86-உம் சுருளுக்கு. சுருளுக்கான மின்சாரத்தை இக்னிஷன் சாவிக்குப் பின்னாலிருந்து எடுங்கள்; இல்லாவிட்டால் வண்டியை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போன நேரத்தில் விசிறி ஓடிப் பேட்டரி இறங்கும். எர்த் வயரைப் பெயின்டும் துருவும் சுரண்டிய சேசிஸ் இடத்தில் நட்டு போட்டு இறுக்கி, கிரீஸ் தடவுங்கள். கடலோரக் காற்றில் பச்சை பூத்த எர்த் முனையால் நின்றுபோகும் விசிறிகளே அதிகம்.

பொருத்தும் முறை

எஞ்சின் பக்கமிருந்து காற்றை இழுக்கும் விசிறியே நல்லது. ரேடியேட்டருக்கு முன்னால் வைத்துத் தள்ளும் விசிறி, ஓடாத நேரத்தில் எதிர்க்காற்றை மறைக்கும். இடம் இருக்கிறதா என்று பாருங்கள்: பழைய விசிறியைக் கழற்றியபின் பம்ப் புல்லியின் மூக்குக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே மின்விசிறியின் தடிமனும், அதற்கு மேல் இரண்டு விரற்கடையும் இருக்க வேண்டும். எஞ்சின் ரப்பர் மவுன்ட்டில் ஆடும் என்பதை மறக்காதீர்கள்.

பழைய விசிறியைக் கழற்றும்போது ஒரு ஆபத்து உண்டு. பல வண்டிகளில் விசிறியைப் பிடிக்கும் போல்ட்டுகள்தான் பம்ப் புல்லியையும் பிடிக்கின்றன. விசிறி போனபின் அதே போல்ட்டைத் திரும்ப முறுக்கினால், விசிறியின் தடிமன் அளவுக்கு அது உள்ளே போய் அடியில் முட்டிக்கொள்ளும். புல்லி இறுகியதுபோல் தோன்றும், இறுகியிருக்காது. கொஞ்ச தூரம் போனதும் புல்லி ஆடிப் பம்ப்பின் சாஃப்ட்டை உடைக்கும். அந்தத் தடிமனுக்குச் சரியான ஸ்பேசரை லேத்தில் கடைந்து போடுங்கள், அல்லது அதே தரத்தில் குட்டையான போல்ட் வாங்குங்கள். பழைய விசிறி, போல்ட், கவர் மூன்றையும் ஒரு சாக்கில் கட்டி வையுங்கள்.

விசிறியைச் சுற்றி ரேடியேட்டர் முகம் முழுவதையும் மூடும் தகர அல்லது அலுமினியக் கவர் வேண்டும். கவர் இல்லாமல் வட்ட விசிறியை நேரே ஒட்டினால் அந்த வட்டத்துக்கு நேரான இடத்தில் மட்டும் காற்று போகும், மூலைகள் சும்மா இருக்கும். விசிறிக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே ஓர் அங்குலமாவது விட்டால் காற்று முகம் முழுவதிலிருந்தும் திரண்டு வரும். கவரில் இரண்டு மூன்று ஓட்டை போட்டு மேலே ரப்பர் மடல் தொங்கவிடுங்கள். வேகமாகப் போகும்போது எதிர்க்காற்று மடலைத் தள்ளித் திறந்துகொண்டு வெளியேறும், நிற்கும்போது விசிறி இழுக்க மடல் மூடிக்கொள்ளும். எல்லாவற்றையும் ரேடியேட்டரின் பக்கச் சட்டத்திலிருந்து பட்டை அடித்துத் தாங்கவிட வேண்டும். விசிறியோடு வரும் பிளாஸ்டிக் ஊசிகளை ரேடியேட்டர் மடிப்புக்குள் குத்தி மாட்டும் முறையை லாரியில் ஒருபோதும் செய்யாதீர்கள். நம் சாலையின் அதிர்வில் அது உராய்ந்து உராய்ந்து குழாயை ஓட்டையாக்கிவிடும்.

சூட்டுச் சுவிட்ச்சை எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸில் வைப்பது எளிது. ஹோஸை வெட்டி நடுவில் ஒரு பித்தளைத் துண்டு செருகி, அதில் சுவிட்ச்சை முறுக்கலாம். நாகர்கோவிலில் எந்த லேத்திலும் கடைந்து தருவார்கள். 92 டிகிரியில் சேர்ந்து 87-இல் விடும் சுவிட்ச் கடைகளில் கிடைக்கிறது. உங்கள் தெர்மோஸ்டாட் முழுதாகத் திறக்கும் சூட்டைப் பார்த்து அதற்கு ஏற்றபடி தேர்ந்தெடுங்கள். ஒற்றை முனைச் சுவிட்ச் என்றால் அந்தப் பித்தளைத் துண்டுக்குத் தனி எர்த் வயர் கொடுக்க வேண்டும். இரு பக்கமும் ரப்பர் ஹோஸ் இருப்பதால் அதற்கு எஞ்சினோடு தொடர்பே இல்லை. வேலை முடிந்து விசிறி ஓடவில்லை என்று வருகிறவர்களிடம் நான் முதலில் பார்ப்பது இந்த எர்த்தைத்தான். இரண்டு விசிறியும் ஒரே நேரத்தில் எழாமல், இரண்டாவதை ஐந்து டிகிரி தள்ளி எழும்படி வைத்தால் முதல் இழுப்பில் வரும் மின்சுமை குறையும்.

டிரைவர் தெரிந்துகொள்ள வேண்டியவை

வண்டியை ஓட்டுகிறவருக்குச் சொல்லாமல் இந்த மாற்றத்தைச் செய்யக் கூடாது. பெல்ட் அறுந்தால் முன்பு விசிறியும் நின்றுவிடும், சத்தம் மாறும். இப்போது பெல்ட் அறுந்தாலும் பேட்டரியில் விசிறி ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் வாட்டர் பம்ப் நின்றிருக்கும், தண்ணீர் சுற்றாது. விசிறிச் சத்தம் கேட்கிறதே என்று நம்பி ஓட்டினால் ஹெட் வளைந்துவிடும். சார்ஜ் விளக்கு எரிந்தால் உடனே ஓரங்கட்ட வேண்டும். தண்ணீர் குறைந்துபோனாலும் ஆபத்து அதே மாதிரிதான்: மேல் ஹோஸில் தண்ணீர் இல்லாமல் சுவிட்ச் காற்றில் நின்றால் அது சூட்டை அறியாது, விசிறி எழாது. அதனால் 100 டிகிரியைத் தாண்டினால் அடிக்கும் பஸ்ஸரைத் தனி சென்சாரோடு எஞ்சின் ஹெட்டில் வையுங்கள். கைச் சுவிட்ச்சும், விசிறி ஓடுவதைக் காட்டும் சின்ன விளக்கும் டேஷ்போர்டில் இருக்கட்டும்.

வெள்ளத்தில் மின்விசிறிக்கு ஒரு நன்மை இருக்கிறது. 2021 நவம்பர் வெள்ளத்தில் மாவட்டத்தின் பல சாலைகள் தண்ணீருக்குள் கிடந்தன. பெல்ட் ஃபேன் தண்ணீரில் இறங்கினால் இறக்கை வளைந்து ரேடியேட்டரைக் கிழிக்கும், எஞ்சின் மேல் தண்ணீரை வாரி இறைக்கும். மின்விசிறியைத் தண்ணீருக்குள் இறங்கும் முன் அணைத்துவிடலாம். அதற்கென்று ஒரு துண்டிப்புச் சுவிட்ச் வைத்து, கரையேறியதும் மறக்காமல் போட வேண்டும். மீன் வண்டிகளில் ஐஸ் உருகிய உப்புத்தண்ணீர் மோட்டாருக்குப் பகை. முழுக்க அடைத்த, தண்ணீர் புகாத மோட்டாராகப் பார்த்து வாங்குங்கள், வண்டி கழுவும்போது விசிறியையும் நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

பிஎஸ்-6 வண்டியைப் பற்றி முன்பே சொன்னேன். அவற்றில் பலவற்றில் விசிறியைக் கணினிதான் நடத்துகிறது. அந்தத் தொடர்பை அறுத்தால் செக் எஞ்சின் விளக்கு எரியும், எஞ்சின் தன் சக்தியைக் குறைத்துக்கொள்ளலாம், வாரண்டியும் போகும். பழைய வண்டியில் செய்கிறவர்களும் எஃப்சி-க்குப் போகும் முன் வண்டி ஆய்வாளரிடம் சொல்லிவிடுங்கள். ஆல்டர்னேட்டர், ஃபியூஸ், ரிலே ஆகியவற்றின் பில்லைப் பத்திரமாக வையுங்கள். எஞ்சின் அறையில் தீ என்றால் காப்பீட்டுக்காரர் முதலில் கேட்பது வயரிங்கைப் பற்றித்தான்.

சோதனை ஓட்டத்தைக் காலி வண்டியில் செய்யாதீர்கள். வழக்கமான பாரத்தை ஏற்றி, பகல் வெயிலில், பழைய விசிறிச் சாக்கையும் வண்டியில் போட்டுக்கொண்டு போங்கள். முதலில் நெரிசல்: மார்த்தாண்டம் சந்தைப் பக்கம் அரை மணி. விசிறி எழுந்து, 87-க்கு இறக்கிவிட்டு, நிற்க வேண்டும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் காற்று போதவில்லை. பிறகு குலசேகரம் தாண்டி ஏற்றம். 100-ஐத் தொட்டால் பாரத்தைக் குறைத்தோ பெரிய விசிறி போட்டோ பார்க்க வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் சாக்கை அவிழ்த்துப் பழைய விசிறியையே மாட்டிவிடுங்கள். ஆடி மாதத்தில் செய்கிறீர்கள் என்றால் ஆரல்வாய்மொழி வழியே ஒரு முறை கிழக்கே போய்வாருங்கள்.

வேலை எல்லாம் முடிந்ததும் எந்த வயர் எந்த ஃபியூஸுக்குப் போகிறது, எந்த ரிலே எந்த விசிறிக்கு என்று தெளிவாகப் படம் வரைந்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு டிரைவர் பக்கக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவிடுங்கள். இரவு இரண்டு மணிக்கு வழியில் நின்றுபோன வண்டியைப் பார்க்க வரும் முன்பின் தெரியாத எலக்ட்ரீஷனுக்கும், நாளை இந்த வண்டியை உங்களிடமிருந்து வாங்கப்போகிறவருக்கும் அந்தப் படம் தேவைப்படும்.